ஆ குவான் மாடியேறி வந்து கேட்டது

மரப்படியில் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் டிராயிங் ஆபீசுக்குக் கட்டைச் செருப்புப் போட்டவர்கள் யாரும் ஏறி வருவதில்லை. கீழே இரும்பு வார்க்கும் பட்டறை, மேலே படம் வரையும் நாங்கள். இடையில் பதினான்கு படிகள். அந்தப் படிகளை இரண்டு பக்கத்தாரும் எல்லைக்கோடு மாதிரி மதித்து வந்தோம். அதனால் மேலே இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம்.

வந்தவர் ஆ குவான். கீழே மர அச்சு செய்பவர். முப்பது வயது இருக்கும். புருவத்திலும் முழங்கை மடிப்பிலும் மரத்தூள், காதில் பென்சில். கையில் நான் மை போட்டு வரைந்த படங்கள் இரண்டு. யாரையும் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

எங்களுக்குப் பொதுவான பேச்சு சந்தை மலாய்தான். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ்ஸி, இந்த ரெண்டு தட்டும் ஒன்ன ஒன்னு பார்த்த மாதிரி நிக்கப்போவுது, அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

படங்களை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நாம் கும்பிடுவதுபோல் சேர்த்தார். விரல்மேல் விரல் பிசகாமல் உட்கார்ந்தது. உங்கள் படத்தில் இப்படி வருகிறது என்றார். பிறகு ஒரு கையைக் கொஞ்சம் சாய்த்தார். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்தன. இப்படி அல்லவா வர வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு அப்போது இருபது வயது. அந்த அறைக்கு வேலைக்கு வந்த முதல் பெண். ஆறு மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்று முதலாளி, எங்கள் தவுக்கே, சொல்லியிருந்தார். அதில் நான்கு மாதம் முடிந்திருந்தது. மூன்று ஆண்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்கு மேலே இருப்பவளிடம் படிக்குக் கீழே இருப்பவர் வந்து, உன் படம் தப்பு என்கிறார். என் காது சூடாகிவிட்டது.

"படத்துல எப்படி இருக்கோ அப்படியே செய்ங்க," என்று சொல்லிப் படங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்தேன் என்று எழுதுவது மரியாதைக்கு. திணித்தேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சாக்கட்டிக் கோடு

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி இரும்புப் பட்டறையில் எப்படி நுழைந்தாள், வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் விடவில்லை அம்மா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குத் தேக்காவில் தையல் கடை. முழுக் கடை அல்ல, பாதிக் கடை. மறு பாதியில் ஒருவர் கடிகாரம் ரிப்பேர் செய்தார். பக்கத்துக் கடையில் மிளகாய், மல்லி அரைக்கும் மில். காலை பத்து மணிக்கு அவர்கள் மெஷினைப் போட்டார்களென்றால் எங்கள் கடைக்குச் சட்டை தைக்க வந்தவர்கள் தும்மிக்கொண்டேதான் அளவு கொடுப்பார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு மார்பளவு எடுக்கும் நேரம் பார்த்துத் தும்மல் வந்து, சட்டை இரண்டு அங்குலம் பெரிதாகப் போய்விட்டது என்று அப்பா சொல்வார். அது பொய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நன்றாகச் சொல்வார்.

பள்ளிப் படிப்பு முடிந்து நான் கடையில் துணி வெட்டக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கேல் இல்லாமல் சாக்கட்டியால் இழுத்தால் கோடு நேராக வரும். வளைவும் அப்படித்தான். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது, கை அப்படி வாய்த்தது. எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற ஆரோக்கியசாமி கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். கல்லாங் ஆற்றங்கரையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் அவர் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். பென்சில் படத்தின்மேல் மெழுகுத்துணியைப் போட்டு மையால் படியெடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். உங்கள் மகளை அனுப்புங்கள் என்றார்.

அப்பா மூன்று வாரம் பேசவே இல்லை. அம்மா ஜெபமாலையை எடுத்தாள். கடைசியில் பங்குச் சாமியார் வந்து, பெண் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கவில்லையா, பள்ளிக்கூடத்தில் பார்க்கவில்லையா, இங்கே மட்டும் என்ன என்று கேட்டார். சாமியார் கேட்டால் அப்பாவுக்குப் பதில் வராது. மறுநாள் எனக்கு இரண்டு ஃபிராக் தைத்துக் கொடுத்தார். இரண்டிலும் பை வைத்திருந்தார், பென்சில் வைத்துக்கொள்ள. சம்மதம் என்று அவர் வாயால் கடைசிவரை சொல்லவில்லை.

பட்டறையில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. அடுத்த கட்டடம் பிஸ்கட் ஃபேக்டரி. அங்கே வேலை பார்த்த பெண்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் உடைந்த பிஸ்கட் ஒரு கை கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பாதி நாள் நான் பகல் சாப்பாட்டைத் திருப்பிக்கொண்டு போய் அம்மாவிடம் திட்டு வாங்கியதன் காரணம் இதுதான்.

பழைய அட்டையும் புதிய அட்டையும்

இனி அந்தத் தட்டுக்கு வருகிறேன். ஜூரோங் பக்கம் அப்போதுதான் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. செம்மண் சாலை, பாதி கட்டிய சுவர்கள், மழை பெய்தால் லாரி புதையும். அங்கே ஓர் அட்டை ஆலை. ஊரெல்லாம் பழைய பேப்பரும் கிழிந்த பெட்டியும் வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மறுபடியும் அட்டை செய்வார்கள்.

அந்தக் கூழை அப்படியே அட்டையாக்க முடியாது. கட்டி கட்டியாக இருக்கும். முதலில் ஒரு மெஷினுக்குள் விடுவார்கள். உள்ளே இரண்டு வட்டமான இரும்புத் தட்டுகள் முகத்துக்கு முகம் நிற்கும். ஒன்று அசையாது, மற்றது வேகமாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுதான் இடைவெளி. கூழ் நடு ஓட்டை வழியாக உள்ளே வந்து, அந்த இடைவெளியில் அகப்பட்டு, விளிம்பு வழியாக வெளியே வரும். வரும்போது இழை இழையாகப் பிரிந்து பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும்.

எல்லாம் தட்டின் முகத்தில்தான் இருக்கிறது. முகம் முழுக்க வரப்பு, வரப்புக்கு நடுவே வாய்க்கால். மையத்துக்குப் பக்கத்தில் அகலமாக, விளிம்புக்குப் போகப் போக நெருக்கமாக. வரப்புகள் நேராக வெளியே ஓடாது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கூழை வெளியே தள்ளும். ரொம்பச் சீக்கிரம் ஓடிவிடக்கூடாது என்பதற்காக வாய்க்கால்களில் ஆங்காங்கே சின்னச் சின்னத் தடுப்பு. எங்கள் பக்கத்துக் கடை மிளகாய் மில்லிலும் இதே சங்கதிதான், சின்ன அளவில். மில்காரர் மாதம் ஒரு முறை தட்டைக் கழற்றிப் போட்டு உளியால் பல் வெட்டுவார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு நாளாவது அருகில் போய் என்ன வெட்டுகிறார் என்று பார்த்ததில்லை.

ஆலையில் இருந்த தட்டுகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. தேய்ந்து போயின. புதிது கப்பலில் வர மாதக்கணக்காகும். உங்களால் செய்ய முடியுமா என்று எங்கள் தவுக்கேயிடம் கேட்டார்கள். முடியும் என்றார். அவர் எதற்குமே முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தேய்ந்த தட்டு மாதிரிக்கு வந்தது. அதன் ஜோடி உடைந்து போயிருந்தது. இதேபோல் இரண்டு ஜோடி வேண்டும் என்றார்கள். இது நன்றாக வந்தால் இனி எல்லாத் தட்டும் உங்களிடம்தான் என்றும் சொன்னார்கள்.

ஆரோக்கியசாமி அந்தத் தட்டை மேசையில் வைத்து இரண்டு நாள் அளவெடுத்தார். தேய்ந்த வரப்பு முதலில் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று விளிம்பில் தேயாமல் இருந்த ஓரிடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். கெட்டிக்காரர். பென்சிலில் ஒரு தட்டு வரைந்து, கீழே 'இரண்டு ஜோடி' என்று எழுதி என்னிடம் கொடுத்தார்.

நான் செய்த திருத்தம்

அந்தப் படத்துக்கு நான் மை போட்ட நாட்கள் எனக்கு இன்றும் இனிக்கும். கை வியர்த்து மை பரவாமலிருக்க உள்ளங்கைக்குப் பவுடர் போட்டுக்கொள்வேன். ஜன்னல் வழியாக ஆற்றுச் சேற்று வாசனையும் பிஸ்கட் வாசனையும் கலந்து வரும். கீழே இரும்பு ஊற்றுகிற நாளில் தரையே லேசாகச் சுடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பேன், கோட்டின் முடிவில்தான் விடுவேன். ஒரு தட்டில் நூற்றுக்குமேல் வரப்பு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

முடித்துவிட்டுப் பார்த்தேன். ஜோடி என்று எழுதியிருக்கிறது, ஆனால் படம் ஒன்றுதான் இருக்கிறது. தையல்காரர் மகளுக்கு இது பொறுக்குமா? சட்டையின் முன்பக்கம் வெட்டும்போது துணியை மடித்து வெட்டுவோம். விரித்தால் வலது ஒன்று, இடது ஒன்று. கையும் அப்படித்தான். இரண்டும் வலதாக வெட்டிவிட்டால் துணி பாழ். என் பத்தாவது வயதில் ஒருமுறை அப்படி வெட்டிவிட்டதற்கு அப்பா என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஜோடி என்றால் ஒன்று மற்றதற்குக் கண்ணாடி என்பது என் எலும்பில் ஊறிய பாடம்.

பெரியவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். படத்தைக் குப்புறத் திருப்பினேன். மெழுகுத்துணியில் பின்பக்கமும் கோடு தெரியும். அதன்மேல் புதுத் துணி போட்டு இரண்டாவது தட்டை வரைந்தேன். சாய்வு எதிர்ப்பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோது அவ்வளவு அழகு, வலது கை இடது கை மாதிரி. முதல் தட்டில் இரண்டு, இரண்டாவது தட்டில் இரண்டு என்று எண்ணிக்கையையும் நானே எழுதினேன்.

அன்று சனிக்கிழமை, அரை நாள். ஆரோக்கியசாமியின் மகளுக்கு மறுநாள் கோயிலில் புது நன்மை விழா. கேக் வாங்க ஓடிக்கொண்டிருந்தார். முதல் படத்தைப் பார்த்தார், பிரமாதம் என்றார். இரண்டாவதன் மூலையில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சரிபார்க்கப்பட்டது.

திங்கட்கிழமை படங்கள் கீழே போயின. செவ்வாய்க்கிழமை, ஆரோக்கியசாமி வெளியே போயிருந்தபோது, ஆ குவான் மேலே வந்தார். அந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன்.

ஒரு பெட்டி, ஓர் ஆள்

ஆ குவான் பேச்சுக் குறைவான மனிதர். அவருடைய அளவுகோல் மற்றவர்களுடையதைவிடச் சற்று நீளமானது. இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு அரைக்கால் அங்குலம். அந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே அந்தக் கோலில் அங்குலம் பிரித்திருப்பார்கள். பின்னாளில் ஒருமுறை தெரியாமல் அதை எடுத்துவந்து ஒரு படத்துக்கு அளவு வைத்து, எங்கே தப்பு என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவர் வந்து கோலை எடுத்துக்கொண்டு போனார். சிரிக்கவில்லை. கீழே போய்ச் சிரித்திருப்பார்.

அந்த மர அச்சுகளை அவர் மூன்று வாரம் செய்தார். ஒவ்வொரு வரப்பும் தனித்தனி மரக்கீற்று, ஒட்டி, இழைத்து, மெழுகு தேய்த்து. பிறகு கோவிந்தன் மண்ணில் அச்சுப் பதித்தார். கோவிந்தன் மோல்டர்களுக்குத் தலைவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். நான்கு தட்டுகளும் ஒரு சொட்டைகூட இல்லாமல் வந்தன. ஜூரோங்குக்கு லாரி ஏறிய அன்று தவுக்கே எல்லோருக்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வியாழக்கிழமை ஆலையில் மெஷினைப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை நான்கு தட்டுகளும் அதே லாரியில் திரும்பி வந்தன. மெஷின் தடதடவென்று ஆடியதாம். கூழ் போனது போனபடியே கட்டி கட்டியாக வந்ததாம். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

தவுக்கே கத்துவதை அன்றுதான் முதலில் கேட்டேன். ஆரோக்கியசாமி முதல் படத்தையும் மாதிரித் தட்டையும் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. இரண்டாவது படத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட படம் சரி, மண் அச்சும் சரி, அப்படியானால் தப்பு மரத்தில்தான் என்று முடிவாயிற்று. ஆ குவானைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். படத்தில் இருந்ததைத்தான் செய்தேன் என்றார். மேலே வந்து கேட்டதை அவரும் சொல்லவில்லை, மேலே நடந்ததைக் கீழே கொண்டுபோகாத என் அறை ஆண்கள் மூவரும் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய இரண்டு கைகளும் என் கண்முன் வந்து நின்றன. ஆனால் அவர் சொன்னது ஏன் சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காததை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஆ குவான் தன் உளிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள் என்று பின்னால் கோவிந்தன் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக் கத்தரிக்கோல்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பாவுக்கு ஒரு வேலை உண்டு. பெரிய கத்தரிக்கோலின் திருகைக் கழற்றி, இரண்டு அலகையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் போடுவார். வாரம் தவறாது. அன்று நான் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். என்ன பாப்பா, தலைவலியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டு அலகும் உள்பக்கம் மேலே தெரியக் கிடந்தன. முனை இரண்டும் என்னைவிட்டு விலகிப் பார்த்தன. வலது ஒன்று இடது ஒன்று என்று என் கண் தானாகத் தேடியது. இல்லை. கூர் இரண்டிலும் இடப்பக்கமே இருந்தது. கைப்பிடியைவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே அலகு. ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து மற்றதன்மேல் வைத்தேன். குறுக்கே விழுந்தது.

பிறந்ததிலிருந்து கத்தரிக்கோலோடு வளர்ந்தவள், அதை ஜோடி என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூடிக்கொள்கிற ஜோடிக்குத்தான் வலது இடது வேண்டும். வெட்டுகிற ஜோடிக்கு இரண்டும் ஒரே கையாக இருக்க வேண்டும். நான் வரைந்த தட்டுகள் எதிரெதிரே நின்றபோது வரப்பின்மேல் வரப்பு முழுசாக வந்து உட்கார்ந்திருக்கும். வெட்டாது, மோதும். அதனால்தான் ஆட்டம்.

அப்படியே அடுத்ததும் தோன்றியது. தட்டுகள் நான்கு. வலக்கை இரண்டு, இடக்கை இரண்டு. மெஷினில் மாட்டுகிற ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான். வலக்கையோடு வலக்கையைச் சேர்த்தால்? ஒன்றையும் உருக்க வேண்டாம். அப்பா எண்ணெய்த் துணியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ஏனென்று அவருக்குச் சொன்னேன், எல்லாவற்றையும், ஆ குவான் மாடியேறி வந்ததையும். அவர் திருகை மாட்டி முடுக்கினார். பிறகு, "நாளைக்கு வேலைக்குப் போறேல்ல? போய்ச் சொல்லு," என்றார்.

சொன்னதும் விட்டதும்

திங்கட்கிழமை காலை தவுக்கேயின் அறைக்குள் போனேன். ஆரோக்கியசாமியும் இருந்தார். தப்பு மரத்தில் இல்லை, என் இரண்டாவது படத்தில் என்றேன். அப்பாவின் கத்தரிக்கோலைக் கொண்டுபோயிருந்தேன், கழற்றிக் காட்டினேன். தட்டுகளை ஜோடி மாற்றினால் போதும் என்றேன்.

தவுக்கே கத்தரிக்கோலைப் பார்த்தார், படத்தின் மூலையைப் பார்த்தார், பிறகு ஆரோக்கியசாமியைப் பார்த்தார். கையெழுத்து யாருடையது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர்தான், இடக்கை ஜோடிக்கு மோட்டாரை எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட வேண்டும், இரண்டு வயரை மாற்றினால் சுற்றும் என்று எடுத்துச் சொன்னார். அது எனக்குத் தோன்றவில்லை. ஆறு வாரம் கோயிலில்கூட என்னோடு பேசவில்லை, அது வேறு.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ஆ குவான் வந்து கேட்டதை. படம் தப்பு என்றால் பிழை. கேட்டவரைத் திருப்பி அனுப்பினேன் என்றால் திமிர். பிழை செய்தவளை வைத்துக்கொள்வார்கள், திமிர் பிடித்தவளை வைத்துக்கொள்வார்களா? நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தட்டுகள் மறுபடி ஜூரோங் போயின. மத்தியானமே தகவல் வந்தது. ஆட்டம் இல்லை, கூழ் பஞ்சுபோல் வருகிறது. தவுக்கே ஆ குவானைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். நான் போகிறேன் என்றேன்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு நாற்காலிப் பட்டறையில் நாற்காலிக் கால் இழைத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை, சாப்பாட்டு நேரம். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்று தவுக்கேயிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், நீங்கள் வரலாம் என்றேன். இழைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மேல வந்து கேட்டேனே, அத சொன்னீங்களா?"

காலடியில் கிடந்த மரச்சுருளைக் காலால் தள்ளினேன்.

"அப்ப தப்பு கண்ணுல படாம செஞ்சவன்னுதான் தவுக்கே இன்னும் நினைக்கிறாரு. தப்பு யாரோடதா இருந்தாலும் எனக்கு ஒன்னுமில்ல, மிஸ்ஸி. அத பார்க்கத் தெரியாதவன்னு பேரோட நான் அங்க வர மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. மரக்காலைத் திருப்பி அடுத்த பக்கத்தை இழைக்கத் தொடங்கினார்.

மூன்று மணிக் கோப்பி

அன்று முழுதும் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை, பயந்துகொண்டிருந்தேன். மறுநாள் மூன்று மணிக்கு நேராகத் தவுக்கேயின் அறைக்குப் போய், ஆ குவான் வந்து கேட்டதைச் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். போ என்று கையை ஆட்டினார். அது வேலையைவிட்டுப் போவா, வெளியே போவா என்று தெரியவில்லை.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் ஆ குவானின் பேர் கெட்டது அந்த அறைக்குள் மட்டும் அல்ல என்று நினைத்தேன். கீழே இறங்கினேன். நாற்பது பேரும் மணல் குவியலைச் சுற்றிக் குந்தி, தகரக் குவளையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த ஒரு மூங்கில் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஃபிராக்கின் பையைப் பிடித்துக்கொண்டேன். என் அரைகுறை மலாயில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆ குவான் மேல வந்து என்கிட்ட கேட்டாரு. ரெண்டு கையையும் வச்சுக் காட்டினாரு. தப்புன்னு அவருக்கு அப்பவே தெரியும். நான்தான் கேக்காம அனுப்பிட்டேன்."

சிலர் கோப்பியைக் குடித்தார்கள். கோவிந்தன் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"தெரியும், தங்கச்சி. மேல போயிட்டு வந்த அன்னைக்கே சாப்பாட்டு நேரத்துல அவன் எங்க எல்லார்கிட்டயும் சொன்னான். அவன நிறுத்தினப்ப தவுக்கேகிட்ட நாங்க சொல்றோம்னோம், வேணாம்னுட்டான். அந்தப் பொண்ணு சொல்லட்டும்னான். நீங்க சொல்றீங்களான்னுதான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

சாயங்காலம் அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் போனார். வெள்ளிக்கிழமை காலை ஆ குவானின் பெட்டி அதன் இடத்தில் இருந்தது. தவுக்கே என்னையும் நிறுத்தவில்லை. அந்தப் பட்டறையில் இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தேன்.

ஆனால் அந்த வாரத்தை நினைத்தால் முகம் இன்றும் சுடுகிறது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு காலையும் நான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தபோது அந்த நாற்பது பேரும் வழக்கம்போல் வழிவிட்டு, சலாமட் பாகி மிஸ்ஸி என்று காலை வணக்கம் சொன்னார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.